பைக்கைப் பார்க்கப் பழக்குங்கள்: வடசென்னையில் பிள்ளைகளுக்குக் கார் கற்றுத்தருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கார் வாசலிலேயே நின்றது. அவளை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கொடுங்கையூரிலிருந்து மூலக்கடை, பெரம்பூர், வியாசர்பாடி என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். அவளுக்குக் கோபம். போகிற வழியெல்லாம் பக்கத்தில் வந்த ஒவ்வொரு காரையும் காட்டி ஒரே கேள்வியைக் கேட்டேன்: "அந்தக் காரை ஓட்டுகிறவர் நம்மைப் பார்த்துவிட்டாரா?" பத்தாவது கேள்விக்குள் அவள் குரல் மாறிவிட்டது. "எப்படி அம்மா தெரியும்?" என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வந்த எனக்கும் அது தெரிந்ததில்லை.

2009இல் மூலக்கடை அருகே ஒரு கார் இடப்பக்கத் தெருவுக்குள் சட்டென்று திரும்பியது. அதன் இடப்பக்கத்தில் நான் போய்க்கொண்டிருந்தேன். காறையெலும்பு முறிந்தது. காரிலிருந்து இறங்கி ஓடிவந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நடுங்கிக்கொண்டே, "நிஜமாகவே உங்களைப் பார்க்கவே இல்லை, ஆன்ட்டி" என்றான். அன்றே அவனை நம்பினேன். அவன் பொய் சொல்லவில்லை. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் அவனுக்கு யாரோ ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. நம் பிள்ளை ஓட்டப்போகும் காரைச் சுற்றிப் பெரும்பாலும் இருக்கப்போகிறவர்கள் பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வருகிறவர்கள்தான். மகளுக்கும், பிறகு அக்கா மகனுக்கும், பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கற்றுக்கொடுத்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு இது மாற்று ஆகாது. பள்ளியில் சேர்த்துவிட்டு, அங்கே சொல்லித்தராத பாதியை வீட்டில் நாம் கற்றுத்தருவதற்கானது.

முதல் படி: சாவிக்கு முன்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வது, ஆறு மாதத்துக்குச் செல்லும். அதை வாங்கி முப்பது நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். முறையான உரிமம் உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். பள்ளியின் காரில் பயிற்றுநர் காலடியிலும் பிரேக் உண்டு. நம் வீட்டுக் காரில் நமக்கு இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். முதல் மாதம் முழுவதும் உங்கள் கை அதன் அருகிலேயே இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாகப் பொத்தான் வைத்த கார் என்றால், ஓடும்போது அதை இழுத்துப் பிடித்தால் என்ன நடக்கும் என்று ஆளில்லாத வெற்று மைதானத்தில் நீங்கள் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு "தெருமுனை வரைதானே" என்று சாவி தருகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையே பொறுப்பாளியாக்குகிறது. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது.

சாவிக்கு முன் சரிசெய்ய வேண்டிய இன்னொன்று நம் வாய். பிள்ளை ஐந்து வயதிலிருந்து பின்சீட்டில் உட்கார்ந்து நம்மிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. குறுக்கே வரும் பைக்காரரை நாம் என்ன வார்த்தையால் திட்டுகிறோமோ, அந்த வார்த்தையால்தான் நாளை அவனும் அவரைப் பார்ப்பான். "இந்த டூ வீலர்காரர்களே இப்படித்தான்" என்று பத்து ஆண்டு கேட்டு வளர்ந்தவனுக்கு, அவர்களுக்கு வழிவிடு என்று பத்து நாளில் புரியவைக்க முடியாது. என் கணவர் நல்ல ஓட்டுநர், ஆனால் திட்டிக்கொண்டே ஓட்டுவார். மகள் பழகத் தொடங்கியபோது அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. விட்டுவிட்டார்.

இரண்டாம் படி: பைக்கின் பின் இருக்கை

பிள்ளை ஏற்கெனவே பைக் ஓட்டுகிறவன் என்றாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். தானே ஓட்டும்போது கவனம் பாதையில் போய்விடும். பின்னால் உட்காரும்போதுதான் சுற்றியிருப்பதைப் பார்க்க முடியும். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் வேண்டும். பின்னால் இருப்பவரும் அணிய வேண்டும் என்பதுதான் சட்டம்.

நெரிசல் நேரத்தில் ஒரு முறை, மதியத்தில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை அழைத்துப் போங்கள். சில இடங்களில் ஓரமாக நிறுத்தி என்ன நடந்தது என்று கேளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒட்டிக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, அடுத்த நொடியே உள்ளே இழுப்பதை அவன் உடம்பு உணரட்டும். சாலையோரத்து மணலில் முன்சக்கரம் ஏறும்போது வண்டி ஒரு கணம் நம் பேச்சைக் கேட்காமல் போவதை உணரட்டும். பாதாளச் சாக்கடை மூடி, பள்ளம், ஒட்டுப்போட்ட தார் இவற்றையெல்லாம் நான் ஏன் வளைந்து வளைந்து தவிர்த்தேன் என்று புரியட்டும். காருக்குள் இருப்பவருக்கு அது 'தாறுமாறாக ஓட்டுவது' போலத் தெரியும். பைக்கில் இருப்பவருக்கு அது விழாமல் இருப்பதற்கான வழி. பின்னாலிருந்து நெருங்கி அடிக்கும் ஹாரன் முதுகில் எப்படி விழுகிறது என்பதையும் அவன் அறியட்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பி இந்தச் சுற்றுக்குப் பிறகு, "கார்காரர்கள் யாருமே நம் முகத்தைப் பார்ப்பதில்லை அக்கா" என்றான். அதற்கு மேல் நான் அவனுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: நிற்கும் காரைச் சுற்றி ஒரு ஸ்கூட்டர்

இது ஒரு மணி நேர வேலை, எஞ்சினைக்கூட முடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் வேறு எதைவிட்டாலும் இதை விடாதீர்கள்.

பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இருக்கையையும் மூன்று கண்ணாடிகளையும் அவன் உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடியில் நம் காரின் கதவு விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும். காரின் பாதியே கண்ணாடியை அடைத்துக்கொண்டிருந்தால் வெளியே திருப்ப வேண்டும். பிறகு நீங்கள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து இடப்பக்கமாக மெதுவாக வாருங்கள். உங்களை உள்கண்ணாடியில் பார்க்கும் வரை அவன் "உள்ளே" என்று சொல்லட்டும், பக்கக் கண்ணாடிக்கு வந்ததும் "இடது" என்று சொல்லட்டும், எதிலும் தெரியாமல் போன கணத்தில் "இல்லை" என்று சொல்லட்டும். "இல்லை" என்றதும் ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்துங்கள். அவன் இறங்கிவந்து பார்க்கட்டும். பின்கதவை ஒட்டி ஓர் ஆள், ஒரு முழு வண்டி நிற்கும் இடம் அது. என் மகள் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். வலப்பக்கமும் இதே போலச் செய்யுங்கள்.

அடுத்தது, முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் தூண். புதிய கார்களில் இது தடித்தது, கார் கவிழ்ந்தாலும் கூரையைத் தாங்குவதற்காக. தெருவில் இருபது மீட்டர் தள்ளி ஸ்கூட்டருடன் குறுக்கே நடந்துபோங்கள். ஓரிடத்தில் நீங்களும் வண்டியும் சேர்ந்து தூணுக்குப் பின் மறைந்துவிடுவீர்கள். காரும் நகர்ந்து, குறுக்கே வரும் பைக்கும் அதற்கு ஏற்ற வேகத்தில் நகர்ந்தால், மோதும் வரை அந்தப் பைக் தூணின் மறைவிலேயே இருந்துவிட முடியும். தலையை முன்னும் பின்னும் அசைத்துத் தூணைச் 'சுற்றிப்' பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். சந்திப்புகளில் இது அனிச்சையாக வரவேண்டும்.

மூன்றாவதாகக் கண்ணாடியின் ஏமாற்று வேலை. பக்கக் கண்ணாடி குவியாடி. பரப்பு அதிகம் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதனால் பின்னால் வருவது இருப்பதைவிடச் சிறிதாகவும் தொலைவிலும் தெரியும். உள்கண்ணாடி சமதளம். நீங்கள் ஒரே இடத்தில் நிற்க, இரண்டிலும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். "தூரத்தில்தானே வருகிறான்" என்று நினைத்துத் திரும்பிய எத்தனை கார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றும். சிறிய பொருள் மெதுவாக வருவதாகவும் தொலைவில் இருப்பதாகவும் நமக்குப் படும். அதே வேகத்தில் வரும் லாரிக்குக் காத்திருப்பவர்கள் பைக்குக்குக் காத்திருப்பதில்லை, அதற்குக் காரணம் இதுவும்தான். தலையை வேகமாக இடமும் வலமும் திருப்பும்போது, கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் நடுவில் இருப்பது எதுவும் பதிவதில்லை. ஆகவே ஒரு பார்வை போதாது. நிதானமாக ஒரு முறை, நின்று இன்னொரு முறை.

அப்படியே பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், தொங்கும் பொம்மை, பின்சீட்டுக்கு மேல் குவிந்திருக்கும் தலையணை எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: பேசிக்கொண்டே ஓட்டுவது

மகாகவி பாரதி நகரின் அகலமான தெருக்களில், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். வண்டி கைக்கு வந்த பிறகு, அதாவது கிளட்ச் பற்றிய நினைப்பே இல்லாமல் கியர் மாற்ற வந்த பிறகு, இந்தப் பயிற்சி. கண்ணில் படும் ஒவ்வோர் இருசக்கர வண்டியையும் அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பைக், இடது" என்று சொன்னால் போதாது. அதில் யார் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் வடசென்னை பெரிய பள்ளிக்கூடம். ஸ்கூட்டரின் காலடியில் ஒன்று, பின்னால் இரண்டு என்று தண்ணீர் கேன் ஏற்றி வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது, வளையவும் முடியாது. அவர் முன்னால் போய்ப் பிரேக் போடாதே. காசிமேட்டிலிருந்து மீன்பெட்டியுடன் வரும் வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்குப் பின்னால் வரும் பைக் அந்த ஈரத்தைத் தவிர்க்க உன் பக்கம் வரும். அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை, நடுவில் இன்னொன்று, கடைசியில் அம்மா என்றால் அந்த வண்டியை ஒட்டிப் போகவே போகாதே. துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்துக்கு அருகே பறந்தால் ஓட்டுகிறவருக்குச் சைகை காட்டலாம், ஆனால் நெருங்கிச் சென்று திடுக்கிடவைக்காதே. உணவு கொண்டுபோகும் பையன் கைப்பேசியில் வழி பார்ப்பான். கதவு எண் தெரிந்ததும் நின்றுவிடுவான். அவன் நேரத்துக்கு ஓடுகிறவன், அவனிடம் அவசரத்தில் போட்டிபோடாதே. நீளமான குழாயோ ஏணியோ ஏந்தி வரும் பைக் திரும்பும்போது அதன் வால் எதிர்த்திசையில் வீசும்.

ஓட்டுகிறவரின் உடம்பையும் படிக்கலாம். தலை வலப்பக்கம் லேசாகத் திரும்பினால் பெரும்பாலும் வண்டியும் திரும்பும். தோள் சாய்ந்தால் இன்னும் உறுதி. கால் தரையைத் தேடினால் நிற்கப்போகிறார். இண்டிகேட்டரை மட்டும் நம்பக்கூடாது. கார் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணைந்துவிடும், பைக்கில் பெரும்பாலும் அணையாது. அரை மைலாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அவர் மறந்தே போயிருக்கலாம். வேகம் குறைவதற்கு பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும் என்றும் இல்லை. கைப்பிடியைத் தளர்த்தினாலோ கியரைக் குறைத்தாலோ போதும், விளக்கு எரியாமலே பைக் மெதுவாகிவிடும்.

பிள்ளை பேசுவதை நிறுத்தினால், பார்ப்பதை நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். "இப்போது யார்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: நான்கு அசைவுகள்

இடப்பக்கம் திரும்புவது. என் எலும்பு முறிந்த இடம் என்பதால் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இடப்பக்கமாக முந்துவது தவறுதான். ஆனாலும் நம் சாலைகளில் காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி இருந்தால் அதில் ஒரு பைக் இருக்கும். திருப்பத்துக்கு முப்பது மீட்டர் முன்பே இண்டிகேட்டர். மெதுவாக இடப்பக்கமே ஒதுங்கி, பைக் நுழைய இடமில்லாதபடி ஓரத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்கண்ணாடி, இடக்கண்ணாடி, பிறகு தலையைத் திருப்பி அந்தச் சாக்பீஸ் வட்டம் இருந்த இடம். ஏற்கெனவே யாராவது அங்கே வந்துவிட்டால் நின்று அவரைப் போகவிட வேண்டும். முந்திக்கொண்டு அவர் குறுக்கே திரும்பவே கூடாது.

வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் பைக்கைக் கண் குறைத்து மதிப்பிடும் என்று முன்பே சொன்னேன். எதிரே ஒரு பஸ் நமக்கு வழிவிட்டு நின்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வரும் என்று வைத்துக்கொண்டே ஊர வேண்டும்.

யூ திருப்பத்துக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தனிப் பயிற்சி கொடுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபின், சுங்கச்சாவடிக்கு அப்பால் சாலை நடுவே தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்கும் அதே நேரத்தில் நம் பக்கம் திரும்பக் காத்திருக்கலாம். காரின் மூக்கை ஓர் அடி நீட்டி, நின்று, பார்த்து, மறுபடி ஓர் அடி. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். பழகும் பிள்ளைக்கு அந்தச் சத்தத்தைத் தாங்கும் மனத்தை நாம்தான் தர வேண்டும். "பின்னால் இருப்பவருக்காக நீ திரும்பாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.

நான்காவது, கதவு. நின்றுவிட்ட காரும் ஆளைக் கொல்லும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் அவர் கதவு திறப்பது ஓடும் சாலைக்குள். இதற்கு எளிய பழக்கம் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நெடுங்காலமாகச் சொல்லித்தருவது. கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறக்க வேண்டும். ஓட்டுநர் இடக்கையால் திறந்தால் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், கண் பின்னால் போகும். இடப்பக்கம் இறங்குகிறவர்கள் வலக்கையால் திறக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைப் பழக்குங்கள், பாட்டி உட்பட. பின்சீட்டில் சிறுவர்கள் இருந்தால் குழந்தைப் பூட்டைப் போட்டுவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பண்டிகைக் கூட்டத்தில் கணநேரம் நிறுத்தி இறக்கிவிடுகிற காரின் கதவுதான் பைக்காரருக்குப் பெரிய பயம். பண்டிகை நாளில் அங்கே கார் வேண்டவே வேண்டாம், தூரமாக நிறுத்திவிட்டு நடந்து போகலாம்.

ஆறாம் படி: இடைவெளி

கொஞ்சம் கணக்குப் போடவைப்பது நல்லது. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடியில் 11 மீட்டர். கைப்பேசியை இரண்டு நொடி பார்த்தால் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பைக்குக்குப் பின்னால் மூன்று நொடி இடைவெளி வேண்டும். முன்னால் போகும் பைக் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடக்கும்போது 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று' என்று எண்ணி முடித்த பிறகு நாம் அதைக் கடந்தால் சரி. காருக்குப் பின்னால் விடுவதைவிடப் பைக்குக்குப் பின்னால் அதிகம் விட வேண்டியதற்குக் காரணம் உண்டு. முன்னால் இருக்கும் காரை நாம் இடித்தால் அது நசுங்கும். பைக் விழுந்தால் ஓட்டியவர் நம் சக்கரத்துக்கு முன்னால் கிடப்பார்.

"அவ்வளவு இடம் விட்டால் நான்கு பைக் உள்ளே வந்துவிடும் சித்தி" என்பான் அக்கா மகன். வரத்தான் செய்யும். வந்தால் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இடைவெளி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மணலியிலிருந்து தண்டையார்பேட்டை வருவதற்குள் அப்படி இருபது முறை தளர்ந்தாலும் நேரம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது. நாங்கள் ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியுமாக ஓட்டிப் பார்த்தோம். சில நிமிட வித்தியாசம்தான்.

முந்தும்போது, இன்னொரு காரை முந்துவது போலவே முழுப் பாதை மாறி முந்த வேண்டும். நம் கதவை முழுதாகத் திறந்தாலும் அவர்மேல் படாத அளவு இடம், அதற்கு மேலும் கொஞ்சம். அந்த இடம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். கண்டெய்னர் லாரிக்கும் நமக்கும் நடுவில் ஒரு பைக் அகப்பட்டுக்கொள்ளும்படி ஒருபோதும் போகக்கூடாது. அப்படி ஓர் இடம் உருவாவதைக் கண்டால் நாம்தான் பின்வாங்க வேண்டும். லாரி ஓட்டுநருக்குத் தன் இடப்பக்கத்தில் இருக்கும் பைக் தெரியாது. நமக்குத் தெரிகிறது.

ஏழாம் படி: கடினமான சாலைகள், மழை, இரவு

வரிசையாகப் போங்கள். பேப்பர் மில்ஸ் சாலையில் மதிய நேரம். பிறகு அதே சாலையில் பள்ளி விடும் நேரம். அடுத்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை. எண்ணூர் விரைவுச் சாலையையும் மாதவரம் பக்கத்து ஜி.என்.டி. சாலையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்போது, இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பைக் சாலைக்குள் வரும். நிற்கும் லாரி வரிசையை ஒட்டிப் போகும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள். டீக்கடைக்கு நடந்து போகும் ஓட்டுநர்களும் அந்த இடுக்கிலிருந்துதான் வருவார்கள்.

வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவையுங்கள். பலத்த மழையில் அல்ல, மழை விட்ட ஒரு மணி நேரத்தில். ஓரமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது பைக்குகள் எல்லாம் நடுச்சாலைக்கு வந்துவிடும். தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பின்னாலிருந்து நெருக்கக்கூடாது. தேங்கிய நீரில் கார் வேகமாகப் போனால் எழும் அலை, ஸ்கூட்டரில் வருபவரின் முகத்தில் அடித்துக் கண்ணை மறைக்கும். பெரம்பூர், மூலக்கடை, மாதவரம் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் இரும்புத் தகடுகள் போட்டிருந்தால், ஈரத்தில் அவை சோப்பு தடவியது போல வழுக்கும். தகட்டின் மேல் பைக் இருக்கும்போது அதற்கு முன்னால் நுழைந்து அவரைப் பிரேக் பிடிக்கவைப்பது அவரைத் தள்ளிவிடுவதற்குச் சமம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில்தான் கட்டாயமாக இருந்துவந்திருக்கிறது. நம் தெருவில் ஓடும் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அது கிடையாது, பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

இரவில் எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் அது பைக்காகவும் இருக்கலாம், ஒரு விளக்கு எரியாத லாரியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். 2017 ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரியும். பழைய வண்டிகளில் பின்விளக்குகூட எரியாமல் வருபவர்கள் உண்டு. எதிரே பைக் வந்தால் உடனே டிம் செய்ய வேண்டும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியில் நம் ஹை பீம் பட்டால் அவருக்குச் சாலையே தெரியாது.

எட்டாம் படி: அவர்கள் தவறு செய்யும்போது

ஒரு வழிப் பாதையில் எதிரே வருவார்கள். சிக்னலில் குறுக்கே நுழைவார்கள். மூன்று பேர் ஏறிக்கொண்டு சீறிப் போவார்கள். தவறு அவர்களுடையதுதான், அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். ஆனால் தவறு செய்தவர் என்பதால் அவருடைய எலும்புகள் இரும்பாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடம் கற்பிக்கிறேன் என்று அவரை உரசிப் போவதோ, பிரேக் போட்டு மிரட்டுவதோ கூடாது. மகள் ஒருமுறை அகரம் சந்திப்பில் குறுக்கே வந்த ஒரு பையனைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான், அதற்குள் அவன் சக்கரம் நடுத்தடுப்பைத் தொட்டுவிட்டது. விழவில்லை. வீட்டுக்கு வரும் வரை அவள் பேசவே இல்லை. ஹாரன் என்பது "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல ஒரு சிறு ஒலி. அதற்கு மேல் அதில் எதையும் சொல்லக்கூடாது.

ஒன்பதாம் படி: மோதிவிட்டால்

இதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சொல்லாமல் விட்ட பிள்ளைதான் பயத்தில் ஓடிவிடுகிறான். முதலில் வண்டியை நிறுத்த வேண்டும், அபாய விளக்கைப் போட வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். விழுந்தவர் மூச்சுவிடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது, தூக்கி உட்காரவைக்கக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வரும் என்று அஞ்சினால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு உடனே போய்ச் சொல்லலாம், ஆனால் சொல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் யார் கட்டுவது என்று தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிறர் விபத்தில் உதவப் போனால் வழக்கில் சிக்குவோமோ என்ற பயமும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

பத்தாம் படி: தனியாக அனுப்பும் முன்

உரிமம் கையில் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற ஒருவர் முன்சீட்டில் பேசாமல் இருக்க, நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். கொடுங்கையூரிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசக்கூடாது, கையில் ஒரு தாள் மட்டும். திரும்பும் முன் தலையைத் திருப்பாத ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. பைக்கை ஒட்டி முந்தினால் ஒரு கோடு. கதவை அருகிலிருக்கும் கையால் திறந்தால் ஒரு கோடு. ஒரு கோடுகூட இல்லாமல் வந்தால்தான் தனிப் பயணம். அப்போதும் முதல் மூன்று மாதம் நண்பர்கள் கூட்டம் வண்டியில் ஏறக்கூடாது, இரவு பத்துக்கு மேல் விரைவுச் சாலை கூடாது.

மகள் இரண்டாவது வாரமே தேறினாள். அக்கா மகன் நல்ல கை உள்ளவன், ஆனாலும் இரண்டு ஞாயிறு தோற்றான். இரண்டு முறையும் அதே கோடு, கதவுக்கு. மூன்றாவது ஞாயிறு தேரடியில் கோயில் பக்கம் காரை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். வலக்கை கைப்பிடிக்குப் போய், பாதி வழியில் நின்று, மடிக்குத் திரும்பியது. இடக்கை நீண்டது. தலை திரும்பியது. பின்னால் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவர் கடந்து போகும் வரை அவன் கதவைத் திறக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது நான் மெட்ரோவில் வந்துவிட்டேன்.